ரெஜினாவுக்கு நான் அனுப்பிய பதில்

காலை பத்து மணி இருக்கும். ராசிபுரத்தில் எங்கள் ஆபீஸ் மாடியில் ஒரு கையில் டீ கிளாஸும் மறு கையில் இடி விழுந்து செத்துப்போன ஒரு மோடமுமாக நின்றுகொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு மெயில் வந்து விழுந்தது. அனுப்பியவள் ரெஜினா. என்னோடு படித்தவள், இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள்.

ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்புவது எங்கள் இருவருக்கும் பழக்கம். அதைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

"கோமு, ஒரே ஒரு கேள்வி. உங்க லைன்ல, எல்லாத்தையும் ஒரே வரிசையில நிக்க வெச்சுப் பொட்டு வைக்கிற பழைய பெட்டி ஏதாவது ஓடுதா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லு போதும். நாளன்னிக்குள்ள எழுதி முடிக்கணும். உன்னை நம்பித்தான் இருக்கேன்."

டீயைக் கீழே வைத்தேன். அது ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் அந்த மெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரிசை, பொட்டு என்பதெல்லாம் என்ன என்று பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்று தெரிந்தால் போதும். அவள் கேட்ட பெட்டிகள் எங்கள் லைனில் முப்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்தன. முப்பத்தெட்டையும் வைத்தவள் நான்தான். என் பதிலை வைத்து அவள் உலகத்துக்கே பொதுவான ஒரு விதியில் ஒரு சொல்லை எழுதப்போகிறாள் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அளந்தவளும் எழுதியவளும்

ரெஜினாவுக்கு வீடு சேலம் அம்மாபேட்டையில். அவள் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். தினமும் காலையில் தன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து எங்கள் இன்ஜினியரிங் கல்லூரி வாசலில் அவளை இறக்கிவிடுவார். நான் வெண்ணந்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, துப்பட்டா கசங்கி, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்வேன். ரெஜினா அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் போல நின்றுகொண்டிருப்பாள். முதல் வருஷத்திலிருந்தே எனக்கு அவளைப் பார்த்தால் வயிறு எரியும். அதே சமயம் அவள் இல்லாமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அவள் டிபன் பாக்ஸில் பாதி எனக்கு, என்னுடையதில் பாதி அவளுக்கு.

கடைசி வருஷ புராஜெக்ட் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தோம். இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே ஒயர் இழுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டா போக எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது. ஒயர் இழுத்தது நான். லேபில் தரையில் உட்கார்ந்து மூன்று வாரம் அளந்தது நான். அதை அழகாக எழுதி, படம் வரைந்து, முன்னுரை முடிவுரை போட்டது ரெஜினா.

வைவா நடத்த வந்த பேராசிரியர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "யாரும்மா எழுதினது? பிரமாதம்" என்றார். ரெஜினா எழுந்து நின்றாள். "அளந்தது கோமதிதான், சார்" என்று சொல்லத்தான் செய்தாள். அவர் "ம், சரி சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அவளிடமே பேசினார்.

நியாயமாகப் பேச வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "நீயும் ரெண்டு பக்கம் எழுதுடி" என்று அவள் என்னிடம் கெஞ்சினாள். இங்கிலீஷில் தப்பு வந்துவிடும் என்று பயந்து மாட்டேன் என்றவள் நான். இந்த உண்மையை நான் பல வருஷம் வசதியாக மறந்திருந்தேன். "பிரமாதம்" மட்டும் மறக்கவில்லை.

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்

கல்யாணத்துக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரர் துரைசாமியும் கேபிள் டிவி லைன் எடுத்து நடத்தினோம். அவர் அதற்கு முன்னால் ரிக் வண்டியில் வடக்கே போய் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவர். கம்பம் ஏறுவது அவர் வேலை. கீழே நின்று திட்டுவது என் வேலை. டிவி லைன் பிறகு இன்டர்நெட் லைன் ஆயிற்று. போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்த கம்பத்துக் குளவிக்கூட்டுக் கதையைப் படித்துவிட்டு, "அவர் கையில் வீக்கம் வடிந்ததா?" என்று வாழப்பாடியிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். வடிந்துவிட்டது அம்மா. அவருக்கு அது நினைவுகூட இல்லை.

ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த காலத்தில் எங்களுக்கு ஒரே புகார்தான் வந்தது. "ஸ்பீடு பாத்தா நாப்பதுன்னு காட்டுதுங்க. பேசுனா மட்டும் கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்பல இருக்குது."

லைனில் குறை இல்லை. ஒயர் புதுசு. பிறகு என்ன கேடு? பழைய லேப் புத்தி திரும்பி வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அளந்தேன். வீட்டில் ஒருவர் பெரிய வீடியோவை ஏற்ற ஆரம்பித்தால், இன்னொருவர் பேசும் பேச்சு போய்ச் சேர ஒரு நொடிக்கு மேல் ஆயிற்று.

காரணம் வரிசை. நாம் அனுப்புவதெல்லாம் சின்னச் சின்னப் பாக்கெட்டாகத்தான் போகிறது. தெருமுனைப் பெட்டியில் நெரிசல் வந்தால் பாக்கெட்டுகள் வரிசையில் காத்து நிற்கும். பெட்டி செய்கிறவர்கள், ஒரு பாக்கெட்கூட வீணாகக் கூடாது என்று நிற்கிற இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். இடம் பெரிதானால் வரிசையும் நீளும். ரேஷன் கடையில் மண்டபம் கட்டி நாற்காலி போட்டுவிட்டால் மட்டும் அரிசி சீக்கிரம் கிடைத்துவிடுமா?

இதற்கு வைத்தியம் உண்டு. வரிசை நீளத் தொடங்கும்போதே ஒரு பாக்கெட்டின் நெற்றியில் பொட்டு வைத்து அனுப்புவது. போய்ச் சேரும் இடம் அந்தப் பொட்டைப் பார்த்ததும் அனுப்புகிறவனிடம் "கொஞ்சம் மெதுவா" என்று சொல்லிவிடும். அவனும் வேகத்தைக் குறைப்பான். வரிசை கரையும்.

படித்துப் படித்து நானே எங்கள் தெருப்பெட்டிகளில் அதை அமைத்தேன். முப்பத்தெட்டுப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே வரிசை. இரண்டு நாளில் புகார் பாதியாகக் குறைந்தது. வீட்டுக்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஏம்புள்ள, போனே அடிக்க மாட்டேங்குது, கெட்டுப்போச்சா?" என்றார். என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

வாயை மூடி ஓட்டு

அந்தப் படிப்பில்தான் ரெஜினாவை மறுபடியும் கண்டேன். இன்டர்நெட்டுக்கு விதி எழுதும் குழுக்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் சேரலாம், மெயிலில் வாதாடலாம். நெரிசலும் காத்திருப்பும் பற்றிய குழுவின் மெயில்களைப் புரட்டிக்கொண்டே வந்தால், ஒரு புது வரைவின் தலையில் அவள் பெயர்.

அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாக எழுதியிருந்தாள். அதுதான் இன்னும் கடுப்பு.

மறுநாளே நானும் அந்தக் குழுவில் சேர்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் போடும் ஒவ்வொரு மெயிலையும் படிப்பேன். யார் பதில் போடுகிறார்கள், யார் பாராட்டுகிறார்கள், யார் மடக்குகிறார்கள் என்று பார்ப்பேன். யாராவது மடக்கினால் அன்று எனக்கு நோம்பி, பண்டிகைதான். அவள் படத்தைப் பெரிதாக்கி, தலையில் நரை இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். இருந்தது. அதுவும் அவளுக்கு எடுப்பாகத்தான் இருந்தது, சனியன்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டெடுப்பு கிடையாது. ஒரு யோசனை வேண்டுமா வேண்டாமா என்று அறைக்குள் கேட்டால், வேண்டும் என்பவர்கள் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனக வேண்டும். பிறகு வேண்டாம் என்பவர்கள் முனக வேண்டும். எந்த முனகல் பெரிது என்று தலைவர் காதால் கேட்டுச் சொல்வார். இருந்த இடத்திலிருந்து கூட்டம் பார்க்கிறவர்களுக்கு மட்டும் திரையில் ஒரு பட்டன்.

முதல் கூட்டத்தில் இந்தப் பட்டன் சங்கதி எனக்குத் தெரியாது. ரெஜினாவின் வரைவு வேண்டாம் என்பவர்கள் முனகலாம் என்றார்கள். ராசிபுரத்து ஆபீஸில் தனியாக உட்கார்ந்து அடி வயிற்றிலிருந்து முனகினேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சாமி, வயித்து வலியா?"

"ஒண்ணுமில்லீங்க, மீட்டிங்கு."

"மீட்டிங்குக்கு எதுக்கு மொனகற?"

மைக் வேறு அணைந்து கிடந்தது. நான் முனகியது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

கொஞ்ச நாளில் உறுப்பினர் பட்டியலில் என் பெயரைப் பார்த்துவிட்டு அவளே எழுதினாள். "கோமுவா! வெண்ணந்தூர் கோமுவா! அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அன்றிலிருந்து அடிக்கடி கேள்வி கேட்பாள். உங்கள் ஊரில் காத்திருப்பு எவ்வளவு, வீடுகளில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று. "இங்க எல்லாரும் லேப்ல உக்காந்து எழுதறவங்கடி. தெருவுல நிக்கிற ஆள் எனக்கு நீ ஒருத்திதான்" என்பாள். நான் அளந்து அளந்து அனுப்புவேன். அதை அவள் வரைவில் சேர்ப்பாள். எனக்கு மறுபடியும் அந்த வைவா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

கட்டாயமா, விருப்பமா

ரெஜினாவின் வரைவு ஒரு புது முறையைப் பற்றியது. பழைய முறையில் அனுப்புகிறவன் ஒரு பொட்டைப் பார்த்தால் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடுவான். புது முறைக்காரன் பொட்டுக்குப் பொட்டு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பான். இருவருக்கும் தனித்தனி வரிசை இருந்தால் வம்பில்லை. புது முறையில் காத்திருப்பே இருக்காது, அவ்வளவு அருமையான முறை. ஆனால் இருவரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்துப் பொட்டு வைத்தால், பழையவன் நல்ல பிள்ளையாக ஒதுங்கி ஒதுங்கி மூலைக்குப் போய்விடுவான். புதியவன் முழு இடத்தையும் பிடித்துக்கொள்வான்.

அப்படி ஒரே வரிசைப் பெட்டிகள் உலகத்தில் எங்காவது இருக்கின்றனவா? அதுதான் அவள் கேள்வி. இருந்தால், புது முறையை இயக்குகிறவர்கள் முதலில் பாதையைச் சோதித்துப் பார்ப்பது கட்டாயம் என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் விரும்பினால் சோதிக்கலாம் என்று எழுதினால் போதும். அந்த ஆவணங்களில் இந்த ஒரு சொல்தான் உயிர். கட்டாயம் என்றால் செய்தே ஆக வேண்டும். விரும்பினால் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஏழெட்டுச் சின்ன கம்பெனிகளிடம் கேட்டிருந்தாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை, மீதிப் பேர் தெரியாது என்றார்கள். மிஞ்சியது நான் ஒருத்திதான்.

ஆடை கட்டிய டீயைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். ஆமாம் என்று எழுதினால் என்ன ஆகும்? எத்தனை பெட்டி, எப்படி அமைத்தாய், எவ்வளவு காத்திருப்பு என்று கேட்பாள். நான் தெருத் தெருவாக அளந்து அனுப்புவேன். அதை வைத்து அவள் அழகாக ஒரு பகுதி எழுதுவாள். கூட்டத்தில் எல்லோரும் பிரமாதம் என்பார்கள். அளந்தது நான், எழுதுவது அவளா? மறுபடியுமா?

இல்லை என்று எழுதினால் அவள் ஆவணத்தில் ஒரு ஓட்டை இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது, இனிக்கத்தான் செய்தது.

"இல்லடி. அந்த மாதிரி எதுவும் இங்க ஓடல" என்று எழுதி அனுப்பினேன். பிறகு கீழே போய்ச் சூடாக இன்னொரு டீ குடித்தேன்.

கண்ணாடி போட்ட பக்கம்

சில மாதம் கழித்து ஆவணம் வெளிவந்தது. எண் போட்டு வெளியிட்டுவிட்டால் பிறகு அதில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது. அது அவர்கள் வழக்கம். தப்பிருந்தால் பிழைப் பட்டியல் என்று தனியாக ஒன்று வைத்து, இன்னார் இன்ன தப்பைக் கண்டார் என்று எழுதுவார்கள். மூல ஆவணம் அப்படியே இருக்கும்.

படபடவென்று கடைசிப் பக்கத்துக்குப் போனேன். நன்றி சொல்லும் இடத்தில் முப்பது நாற்பது பெயர்கள் வரிசையாக இருந்தன. அதில் என் பெயர் இல்லை. எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், கீழே தனியாக ஒரு வரி. ஒரே வரிசைப் பெட்டிகள் பயன்பாட்டில் இல்லை என்பதைக் களத்திலிருந்து உறுதிசெய்த கோமதி துரைசாமிக்குத் தனிப்பட்ட நன்றி.

தனிப்பட்ட நன்றி. முழுப் பெயர்.

வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் என் பெயரையும் அதோடு ஒட்டிய தன் பெயரையும் கண்டுபிடித்துவிட்டார். "ஏம்புள்ள, எம்பேரும் போட்டுருக்கறாங்கொ!" என்று அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி போட்டு, ஆபீஸில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். ஊதுபத்தி கொளுத்தும்போது அதற்கும் ஒரு சுற்றுக் காட்டினார்.

நான் தடுக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். பொய் சொல்லி வாங்கியது என்ற நினைப்பு வாரத்துக்கு ஒரு தரம் வரும். யாருக்கு என்ன நஷ்டம் என்று அதை விரட்டிவிடுவேன்.

எதிர் வீடு

வெண்ணந்தூரில் ராசம்மாக்கா எங்கள் பழைய வாடிக்கையாளர். வீட்டில் நாலு தறி ஓடுகிறது. மகள் பிரியா எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ராசம்மாக்கா போனில் கத்தினார்.

"ஏனம்மிணி, உங்க லைனு எதுத்த ஊட்டுக்கு மட்டுந்தான் ஓடுமா? அவிய ஊட்டுல படம் பாத்துக்கிட்டு இருக்கறாங்கொ. எங்கூட்டுல புள்ள அழுதுட்டு உக்காந்துருக்குது!"

"என்னாச்சுங்க்கா?"

"நேர்ல வந்து பாரு. எவ மூஞ்சியில முழிச்சமோ."

போனேன். பிரியா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்டர்வியூவுக்காகக் கட்டிய புடவையை இன்னும் மாற்றவில்லை.

"நான் பேசுனது அவங்களுக்குக் கேக்கவே இல்லீங்க்கா. ரெண்டு தடவ திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. மூணாவது கேள்வி கேக்கறப்ப படம் அப்படியே நின்னுபோச்சு. பொறவு 'தேங்க்யூ, நாங்களே கூப்பிடறோம்'னு வெச்சுட்டாங்க."

"மறுபடியும் ஒருக்கா எடுக்கச் சொல்லிக் கேக்கலாமில்ல?"

"கேட்டேங்க்கா. இன்னிக்கே முடிக்கோணுமாம். வேற ஆளப் போட்டுட்டாங்களாம்."

அவள் லேப்டாப் பழசு, பழைய முறை. எதிர் வீட்டில் புது போன். என்னுடைய லேப்டாப்பைத் திறந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே தெருவில் நின்று அளந்தேன். எதிர் வீட்டுப் பாக்கெட்டெல்லாம் புது முறையில் வந்துகொண்டிருந்தது. அந்த போனில் எந்தக் கம்பெனியோ புது முறையை இயக்கிவிட்டிருந்தார்கள். பாதையைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? விரும்பினால் போதும் என்றுதானே விதி சொல்கிறது. பிரியாவின் பேச்சு ஒதுங்கி ஒதுங்கி மூலைக்குப் போய் நின்றிருந்தது.

தெருமுனையில் என் பெட்டி பச்சை விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேனே, இதோ புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பெட்டியில் பொட்டு வைப்பதை அங்கேயே நிறுத்தினேன். இரண்டு நாளில் முப்பத்தெட்டையும் சரி செய்தேன். வீட்டுக்காரர் கேட்டார், "நல்லாத்தானே ஓடுச்சு, எதுக்கு இப்ப மாத்தற?" அடுத்த பெட்டிக்கு நடந்தேன். எங்கள் ஊர் சரியாகிவிட்டது. என்னைப் போல ஒரே வரிசை வைத்தவர்கள் மற்ற ஊர்களில் எத்தனை பேரோ, அவர்கள் தெருவில் எத்தனை பிரியாவோ.

ராசம்மாக்காவிடம் என் தப்புதான் என்று சொன்னேன். லைனில் ஏதோ கோளாறு என்று அவர் எடுத்துக்கொண்டார். "போவட்டும் உடு அம்மிணி, நீ வேணும்னா செஞ்ச?" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டு நிமிஷப் பேச்சு

ரெஜினாவுக்கு போன் போட்டேன். அவள் ஊரில் காலை.

"ரெஜி, அன்னிக்கு ஒரே வரிசைப் பெட்டி இருக்கான்னு கேட்டியே. இருந்துச்சுடி. முப்பத்தெட்டு."

"எப்போதிலேர்ந்து?"

"நீ கேக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே."

மெதுவாகக் கேட்டாள். "மறந்துட்டியா கோமு?"

அவள் எனக்குத் தப்பிக்க வழி கொடுத்தாள். ஆமாம்டி, வேலை மும்முரத்தில் மறந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் விரும்பினாள்.

"மறக்கலடி. எல்லாம் நான் வெச்ச பெட்டிதான். உம்மேல பொறாமை. காலேஜ்லேர்ந்தே."

அவள் வீட்டில் ஏதோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்றாள்.

பிரியாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"நான் உன் பேரைத் தனியாப் போடணும்னு மத்தவங்ககிட்ட சண்டை போட்டேன் தெரியுமா? வேண்டாம்னாங்க. லிஸ்ட்ல ஒரு பேரா போட்டாப் போதும்னாங்க. காலேஜ்ல நடந்தது மாதிரி இதுலயும் ஆகக் கூடாதுன்னு நெனைச்சேன்."

ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்ட அந்தப் பக்கத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"பிழைப் பட்டியல்ல நீயே எழுது. உன் பேர்ல எழுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எழுதினேன். இந்த வரி தவறு, களத்தில் அப்படிப்பட்ட பெட்டிகள் உண்டு, முன்பு இல்லை என்று சொன்னவளும் நானே. இங்கிலீஷில் தப்பு வருமே என்று பயப்படக்கூட நேரமில்லை. மறுநாள் அதற்கு எதிரே சரிபார்க்கப்பட்டது என்று முத்திரை விழுந்தது. ரெஜினாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஆவணத்தில் அந்தத் தனிப்பட்ட நன்றி அப்படியே இருக்கிறது. அதை அவளாலும் எடுக்க முடியாது, என்னாலும் எடுக்க முடியாது.

அதற்குப் பிறகு அவள் எனக்கு மெயில் போடவே இல்லை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் அவள் பெயரைத்தான் தேடுவேன். வராது.

வாழப்பாடிக்காரர்

இந்த வருஷம் மழைக்கு முன்னால் வாழப்பாடியில் கேபிள் நடத்தும் ஒருவர் என்னைத் தேடி வந்தார். என் வயதுதான். ஆபரேட்டர் கூட்டங்களில் பார்த்துப் பேசிய பழக்கம். ஒரு தாளை நீட்டினார்.

"அக்கா, சேலத்து அம்மா ஒருத்தர் வெளிநாட்டுலேர்ந்து கேள்வி கேட்டிருக்காங்க. அந்த ஆவணத்துக்குப் பதிலா வேற எண்ல புதுசா ஒண்ணு எழுதறாங்களாம். தெருவுல நிக்கிற ஆளுங்க யாராவது வேணும்னு தேடிப் புடிச்சிருக்காங்க. எனக்கு இதுல பாதி புரியல. உங்களுக்குத் தெரியுமேன்னு வந்தேன்."

தாளைப் படித்தேன். ரெஜினாவின் கேள்விகள். ஒரு காலத்தில் எனக்கு வருவது போலவே இருந்தன. வயிறு எரிந்தது பாருங்கள், அந்தக் கல்லூரி வாசலில் எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் பெயர் ஆவணத்தின் தலையில் இருந்ததற்கெல்லாம் நான் பொறாமைப்பட்டேன். அவள் கேள்வி கேட்கிற ஆளாக நான் இருந்தேன் என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை. அந்த இடத்தில் இப்போது இவர் நின்றுகொண்டிருக்கிறார். கேள்வியே புரியாத மனுஷன்.

"லேப்டாப் கொண்டு வாரேன், இருங்க" என்றேன்.

நான்கு நாள் பஸ் ஏறி வாழப்பாடிக்குப் போனேன். அவர் லைனில் தெருத் தெருவாக நின்று அளந்தேன். ஒரு பெட்டி விடவில்லை; பாதிக்கு மேல் ஒரே வரிசைப் பெட்டிகள். சந்தேகம் வந்த இடத்தில் இரண்டு தரம் அளந்தேன். பதில்களை நானே எழுதினேன், இங்கிலீஷில். அவர் தன் பெயரில் அனுப்பினார். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரும் என் பெயரை அதில் எழுதவில்லை.

போன வாரம் மறுபடியும் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, அந்த அம்மா பதில் போட்டிருக்காங்க, பாருங்க" என்று போனை நீட்டினார்.

ஆங்கில எழுத்தில் தமிழ். "இவ்வளவு ஒழுங்கா அளந்து அனுப்பினவங்களை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. உங்களை நம்பிக் கட்டாயம்னே எழுதிடறேன். உங்க பேரைத் தனியாப் போடறேன்."

இரண்டு தரம் படித்தேன். "நல்லாயிருக்குதுங்க" என்று சொல்லி போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.